கபாப் கடையில் ஒரு தூதரகம்

போன ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பக்கத்தில் அக்கா வீட்டுக் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் மகனும் மகளும் ஒரே சோபாவில், முழங்கை இடிபடுகிற தூரத்தில் இருந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார்கள். "சித்தி, அவளிட்டச் சொல்லுங்கோ, ஐ வான்ற் மை சார்ஜர் பாக்." "சித்தி, ரெல் ஹிம், அது என்ரை." இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனால் காலையிலிருந்து கதைபேச்சில்லை. நான் வெங்காயத்துக்கு மேல் சுமாக் தூளைத் தூவினேன். கருஞ்சிவப்பு நிறத்தில் புளிப்பாக ஒரு தூள். கபாப் என்றால் எனக்கு அது இல்லாமல் ஆகாது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த உத்தியோகம் எனக்குப் புதிதில்லை. நான் ஒரு காலத்தில் தூதுவராக வேலை பார்த்தவள்.

நம்பமாட்டீர்கள். வோபர்னில் ஒரு பிளாசாவுக்குள், உடுப்புத் தோய்க்கிற கடைக்கும் பல் டொக்டருக்கும் நடுவில் இருந்த கபாப் கடைதான் என் தூதரகம். நான் கனடாவுக்கு வந்த புதிது. வெளியே சொல்லிக்கொண்ட வேலை காசாளர். முதலாளி ஒர்ஹான் துருக்கிக்காரர். பெரிய வயிறு, அதைவிடப் பெரிய குரல். சமையல் ஷேர்கோ, ஈராக்கின் வடக்கே எர்பில் நகரத்துக் குர்திஷ்காரர். மெலிந்த ஆள். கோபம் வந்தால் பேசமாட்டார், கத்தி தீட்டுவார். எங்கள் மூவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஆங்கிலம் ஒன்றுதான். அதை இங்கே எங்கள் யாழ்ப்பாணத் தமிழில் எழுதுகிறேன். அவர்களுக்கு அது அளவாகத்தான் இருக்கிறது.

என்னை அவர்கள் சேர்த்துக்கொண்டது தேத்தண்ணியால். இருவரும் சீனிக்கட்டியைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு சாயத் தேநீரை உறிஞ்சுவார்கள். நான் கைப்பையிலிருந்து பனங்கட்டியை எடுத்துக் கடித்துக்கொண்டு என் பிளேன்ரீயைக் குடித்தேன். ஒர்ஹான் மேசையில் அடித்தார். "பாத்தீரோ ஷேர்கோ, இவள் எங்கட ஆள்!" ஷேர்கோ சொன்னார், "உங்கட ஆள் இல்லை, எங்கட ஆள்." அன்றைக்கே எனக்கு இரட்டைக் குடியுரிமை கிடைத்துவிட்டது. 'தங்கச்சி' என்ற சொல்லையும் அவர்களுக்கு அன்றுதான் பழக்கினேன்.

அந்த வருஷம் புரட்டாதியில்தான் வினை வந்தது. ஈராக்கின் வடக்கில் குர்திஷ் மக்கள் தனி நாடு வேண்டுமா என்று வோட்டுப் போடப்போவதாக அறிவித்திருந்தார்கள். பக்தாத் கூடாது என்றது. ஈரான் கூடாது என்றது. துருக்கி, எல்லையைப் பூட்டுவோம், எண்ணெய்க் குழாயையும் பூட்டுவோம் என்றது. துருக்கிக்குள்ளும் ஈரானுக்குள்ளும் குர்திஷ் மக்கள் இருக்கிறார்கள். அயல்வீட்டில் பங்கு பிரித்தால் தன் வீட்டுப் பிள்ளைகளும் பங்கு கேட்குமே என்கிற பயம். கடைச் சுவரில் இருந்த ரீவியில் துருக்கிச் செய்தி கத்தும். அடுப்படியில் ஷேர்கோவின் போனில் குர்திஷ் செய்தி அதைவிடப் பலமாகக் கத்தும். சாப்பிட வந்த சனம் பார்சல் கட்டித் தரச்சொல்லிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

ஒருநாள் ஒர்ஹான் ரீவியைப் பார்த்துக் கையைத் தூக்கினார். "பூட்ட வேணும்! எல்லைக் கதவு, எயார்போட், எல்லாத்தையும் பூட்ட வேணும். அப்பதான் புத்தி வரும்."

"வோட்டுத்தானே போடுறம், குண்டே போடுறம்?" என்றார் ஷேர்கோ. அதோடு பேச்சு நின்றது.

எங்கள் ஊரில் வேலிச் சண்டை பிடித்த வீடுகளில் ஆட்டைப் பார்த்துச் சொல்வார்கள், அயலட்டைக்குக் கேட்கும். இங்கே ஆடு இறைச்சியாகிக் கம்பியில் சுற்றிக்கொண்டிருந்தபடியால் அந்த வேலை எனக்கு வந்தது.

"தங்கச்சி, உம்முடைய சமையல்காரரிட்டச் சொல்லும், சோறு உப்புக் கூடிப்போச்சு."

ஷேர்கோ கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார். நான் மரியாதையாகத் திரும்பினேன். "அண்ணை, உங்கட புது நாட்டுக்குக் கடல் இல்லாத குறையைச் சோத்தில தீத்துக்கொள்ள வேண்டாமாம்."

"அவரிட்டச் சொல்லு, எங்களுக்கு மலை காணும்."

நான் மற்றப் பக்கம் திரும்பினேன். "அடுத்தமுறை குறைச்சுப் போடுறாராம்."

ஒர்ஹானின் வயிறு குலுங்கியது. ஷேர்கோ முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார். இருவரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நான் இடையில் என்ன சேர்க்கிறேன், என்ன கழிக்கிறேன் என்று பார்க்கத்தான் சிலவேளை வேண்டுமென்றே குறை சொன்னார்கள் என்று நினைக்கிறேன்.

நடுநிலைத் தூதுவரோ என்று கேட்கிறீர்கள். எங்கே! எங்கள் சனமும் ஒருக்கால் இதே நகரத்தில் வரிசையில் நின்று, தனி நாடு வேண்டுமென்று அப்படியொரு வோட்டைப் போட்டதுதானே. என் மனம் ஷேர்கோ பக்கம் என்பது அவருக்கு நான் வெட்டிக் கொடுக்கிற பக்லாவா இனிப்புத் துண்டின் அளவிலேயே தெரியும். ஒர்ஹான் அதையும் கண்டுபிடித்தார். "தூதுவர் லஞ்சம் குடுக்கிறா," என்று வாடிக்கையாளர்களுக்கு முறைப்பாடு வைத்தார்.

விளையாட்டு அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஷேர்கோவின் மனைவி நஸ்ரின் இன்னும் எர்பிலில் இருந்தார். வருஷக்கணக்காகக் காத்திருந்து கனடா விசா வந்திருந்தது. அதற்கு ஒரு கடைசித் திகதி உண்டு. அதற்குள் இங்கே கால் வைக்காவிட்டால் மருத்துவச் சோதனை, பொலிஸ் சான்றிதழ் என்று எல்லாம் தொடக்கத்திலிருந்து. இஸ்தான்புல் வழியாக ரிக்கெற் எடுத்தாயிற்று. வோட்டு நடந்தது, பெரும்பான்மை ஆம் என்றது. அந்தக் கிழமை முடியுமுன் பக்தாத் வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியது. எர்பிலிலிருந்து இஸ்தான்புல்லுக்கு ஒரு பறப்பும் இல்லை.

அன்றைக்கு ஷேர்கோ கத்தி தீட்டவில்லை. சோறு அடிப்பிடித்தது, அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒர்ஹான் எழும்பிப்போய் ரீவியை நிறுத்தினார். பூட்ட வேணும் என்று அவர் ஊருக்கே கேட்கக் கத்திய கதவு பூட்டியாயிற்று. அதற்கு அந்தப் பக்கத்தில் நஸ்ரின். எனக்கு ஒர்ஹான்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் என்னிடம் தேத்தண்ணி கேட்டபோது கேட்காததுபோல் நின்றேன்.

மறுநாள் மத்தியானம் முழுக்க ஒர்ஹான் கடைக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் நின்று போனில் துருக்கி மொழியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். சனம் வரிசையில் நிற்கிறது, முதலாளி உள்ளே வரவில்லை. பிறகு வியர்த்து விறுவிறுத்துக் கவுண்டருக்கு வந்தார்.

"தங்கச்சி, சமையல்காரரிட்டச் சொல்லும். விமானம்தான் இல்லை, தரைவழிக் கதவு இன்னும் திறந்து கிடக்கு. என்ரை மச்சான் லொறி ஓடுறவன், எங்கட பக்கத்துக் கதவடியில நிப்பான். கனடா மெடிக்கலுக்கு அங்காராவுக்கு வர எடுத்த துருக்கி விசா இன்னும் முடியேல்லைத்தானே? நஸ்ரின் கதவைத் தாண்டினாக் காணும். எயார்போட்டுக்கு அவன் கொண்டுபோய் விடுவான்."

ஷேர்கோ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முதுகே கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்கு உங்கட இங்கிலீஷ் விளங்கேல்லை," என்றேன். "நீங்களே சொல்லுங்கோ."

ஒர்ஹான் என்னை முறைத்த முறைப்பில் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். வரிசையில் முதலாவதாக நின்ற எங்கள் ஊர் அங்கிள் ஒருவர் எட்டிப்பார்த்தார். "என்ன பிள்ளை பிரச்சினை?"

"தூதரகம் பூட்டியாச்சு அங்கிள். கொஞ்சம் நில்லுங்கோ."

ஒர்ஹான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தார். "ஷேர்கோ," என்றார். பிறகு அவரைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னார்.

ஷேர்கோ திரும்பினார். "உம்முடைய மச்சான் நம்பக்கூடிய ஆளோ?"

"கொஞ்சமும் இல்லை," என்றார் ஒர்ஹான். "ஆனா வருவான்."

வந்தான். வெங்காய மூட்டைகளுக்கு முன்னால், லொறியின் முன்சீற்றில் நஸ்ரின் பல மணித்தியாலம் பயணம் செய்து, விசா முடிவதற்குக் கொஞ்சம் முன்னதாக ரொறன்ரோவில் வந்து இறங்கினார். கடைக்குக் கூட்டிவந்த அன்று ஒர்ஹான் தானே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். குவளையை வாங்கிய கையின் சுட்டுவிரலில், நகத்தடியில், வோட்டுப் போட்ட மை இன்னும் அழியாமல் இருந்தது. ஒர்ஹானின் கண் அதில் விழுந்ததை நஸ்ரின் கண்டுவிட்டார். சட்டென்று விரலை மடக்கினார்.

ஒர்ஹான் சொன்னார், "ஷேர்கோ, அவவிட்டச் சொல்லும். அது பிழையான வோட்டு. நான் சாகுமட்டும் அப்பிடித்தான் சொல்லுவன். ஆனா என்ரை கடையில கையை ஒளிக்க வேண்டாம்."

ஷேர்கோ எதைச் சேர்த்தார், எதைக் கழித்தார் என்று எனக்குத் தெரியாது. நஸ்ரின் விரலை நீட்டினார்.

அந்த மாதமே பக்தாத்தின் படை குர்திஷ்காரர் பக்கம் நகர்ந்தது. வோட்டு அலுமாரிக்குள் போயிற்று, நாடு வரவில்லை. சொன்னபடியே சாகுமட்டும் அது பிழையான வோட்டு என்று ஒர்ஹான் சொல்லிக்கொண்டிருந்தார், கொரோனாக் காலத்தில் ஒரு மாசியில் போய்ச் சேரும்வரை. பிளாசாவையும் இடித்துவிட்டார்கள், இப்போது கொண்டோ மாடிவீடுகள் கட்டக் கிடங்கு வெட்டியிருக்கிறார்கள். ஷேர்கோவும் நஸ்ரினும் ஹமில்டனில் இருக்கிறார்கள்.

நேற்று நஸ்ரினுக்குப் போன் எடுத்து, அந்த மைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். விரலில் இருந்தது கழுவுப்பட்டுப் போனதாம். நகத்தில் இருந்தது நகத்தோடு வளர்ந்து நுனிக்கு வந்ததாம். கடைசிக் கீற்றை வெட்ட மனமில்லாமல் நீளவிட்டிருக்கிறார். பிறகு அவரும் எங்கள் கடையில் வேலைக்குச் சேர்ந்து ரொட்டிக்கு மா குழைத்தபோது அது உடைந்து மாவோடு போயிற்று, தேடியும் கிடைக்கவில்லை.

"அந்த ரொட்டியை ஆர் திண்டது?" என்றேன்.

நஸ்ரின் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "வேறை ஆர்," என்றார், "முதல் ரொட்டி எப்பவும் ஒர்ஹானுக்குத்தானே."