இரண்டு பாட்டும் ஒரு குடையும்

இப்போது நினைத்தால் அந்த நாள் முழுவதும் சாரலுக்குப் பின்னால்தான் தெரிகிறது. கர்க்கடகம், அதாவது ஆடி, முடியப்போகிற நாட்கள். ஸ்ரீவராகத்து எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை நடந்தேனா மிதந்தேனா, சொல்லத் தெரியாது. நாட்டுக்கு அன்று சுதந்திரம், எனக்குப் பத்து வயது, கொடி ஏறும்போது முதல் குரல் என்னுடையது. தலைக்கனம் ஏற வேறென்ன வேண்டும்?

ஒரே குறை, அப்பா வரமாட்டேன் என்றிருந்தார். கோட்டைக்குள் அரண்மனை ஆபீசில் அவர் குமாஸ்தா. மகாராஜாவின் உப்பைத் தின்றுவிட்டு இன்னொரு கொடிக்குக் கீழே எப்படி நிற்பது என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. பள்ளியில் தினமும் காலையில் மகாராஜாவை வாழ்த்திப் பாடுவோம். அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் அப்பா நின்றுவிடுவார். மழையானாலும் குடையை மடக்கிவிடுவார். நான் பாடும்போதும் அப்படி அவர் நின்று கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

பாட்டு டீச்சர் ஒரு வாரமாகக் கொடியேற்றத்துக்கான புதுப் பாட்டைச் சொல்லிக்கொடுத்திருந்தார். அர்த்தம் பாதி புரியாது. ராகம் மட்டும் தூக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கும்.

கொடி ஏறியது. முடிச்சு அவிழ்ந்து பூ உதிர்ந்தது. தற்செயலாக கேட் பக்கம் பார்த்தேன். வெளியே மரத்தடியில், கறுப்புக் குடைக்குக் கீழே அப்பா. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாயைத் திறந்தேன். வந்தது மகாராஜா பாட்டு.

பழக்க தோஷம். எனக்குப் பின்னால் நின்ற அத்தனை பெண்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஹெட்மிஸ்ட்ரஸின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. அப்பா குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டு நின்றார். டீச்சர் அதை முடியவிட்டு, புதுப் பாட்டைத் தானே எடுத்தார். எனக்குக் குரல் எழும்பவில்லை. அப்பா குடையை விரித்துக்கொண்டார். அப்புறம் ஹெட்மிஸ்ட்ரஸிடம் திட்டு வாங்கியதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

வீடு திரும்பும்போது அழுதுகொண்டே நடந்தேன். ஒரே குடைக்குள் அப்பாவும் நானும். வெகுதூரம் வந்தபின் கேட்டார்.

“எனக்காகவா பாடினே?”

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது.

“இல்லேப்பா. தெரியாம வந்துடுத்து.”

தெரு முனையில் அப்பா என் பக்கம் குடையைச் சாய்த்தார்.

“அப்போ அடுத்த வருஷம் தெரிஞ்சு பாடு. நான் வரேன், கேட்டயோ.”

அடுத்த வருஷமும் டீச்சர் என்னையேதான் நிறுத்தினார், என்ன தைரியமோ! மழை அன்று சாரலாக இல்லை, கொட்டியது. புதுப் பாட்டைப் பிசகாமல் பாடினேன். கேட் பக்கம் பார்க்கவே கூடாது என்று வைராக்கியம். கடைசி வரியில் அது உடைந்தது.

மரத்தடியைவிட்டு வெளியே வந்து, மடக்கிய குடையைக் காலோடு சேர்த்துப் பிடித்தபடி, நெற்றி விபூதி கரைந்து ஓட அப்பா நின்றுகொண்டிருந்தார்.