குடும்ப விசா வரும் என்றார்கள்

அக்காவின் நிச்சயதார்த்தத்தில் தாம்பூலம் மாற்றுவதற்கு முன் பேசப்பட்டது நகையைப் பற்றியன்று, விசாவைப் பற்றி. எண்பதுகளின் தொடக்கம் அது. அக்கா அரியலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருந்தாள். சவூதிக்கு நர்ஸ் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தனியாகச் சென்னைக்குப் போய், நேர்காணலில் தேறி வந்திருந்தாள். வேலை விசா அவள் பெயரிலேயே வரவிருந்தது. மாப்பிள்ளை குன்னத்துக்காரர், ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு மஸ்கட்டில் இருந்தார்.

அவருடைய அண்ணன்தான் பேசினார். "நர்ஸ் விசாவுல போனா பொண்ணு ஒரு நாட்டுல, மாப்ள ஒரு நாட்டுல. அது என்னங்க குடும்பம்? தம்பி ஃபேமிலி விசா எடுத்துக் கூட்டிக்குவான். ஊசியும் கையுமா அலைய வேணாம், ராணியாட்டம் வூட்டுல இருக்கட்டும்."

பெரம்பலூரில் எங்கள் கூடமே சிரித்தது. அப்பா சம்மதித்தார். உள்ளறையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தவளை யாரும் கேட்கவில்லை. அக்கா வேலையை விட்டாள். சவூதிக்கு வர இயலாது என்று எழுதினாள். திருமணம் முடிந்து அத்தான் மஸ்கட் போனதும், அவளுடைய பாஸ்போர்ட்டை மாமியார் தம் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. குடும்ப விசா எப்போதும் அடுத்த மாதம் வருவதாகவே இருந்தது. மருந்தின் அளவைத் துல்லியமாகக் கணித்த கைகள் குன்னத்தில் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தன.

அத்தான் விடுமுறையில் வந்திருந்தபோது, திருச்சியில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த நானும் அவர்களைப் பார்க்கப் புறப்பட்டேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் எங்கள் தெருக்காரர் ஒருவரைக் கண்டேன். அவரும் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். நிச்சயதார்த்தத்தில் முன்வரிசையில் அமர்ந்திருந்தவர். குடும்ப விசாவுக்கு இவ்வளவு காலமாகுமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஆபீசர்மாருக்குக் குடுக்கறதும்மா. விசாவுல என்ன வேலைன்னு போட்டிருக்கோ அதுதான் கணக்கு. ஒங்க அத்தான் ஃபிட்டர்தான். ஆனா ஏஜெண்ட் கையில அப்ப இருந்தது கூலியாள் விசா. அத வச்சுப் பொண்டாட்டியக் கூப்புட முடியாது. எனக்கே முடியலயே."

"இது அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? வெளிநாட்டுலேருந்து வந்து உக்காந்திருந்த எல்லாருக்கும் தெரியும். நல்ல காரியத்துல குறுக்க பேசலாமாம்மா?"

இந்தச் சொற்களை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அன்று யாரேனும் தும்மியிருந்தால் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்திருப்பார்கள். ஒரு பெண்ணின் வேலை அவர்கள் கண்ணெதிரே பறிபோனது. அதற்கு ஒருவரும் தொண்டையைக்கூடச் செருமவில்லை. பாயசம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

குன்னத்தில் இறங்கியதும் அடுப்படியில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. இலை போட்டு அத்தானுக்கும் அவர் அண்ணனுக்கும் சோறு பரிமாறியபின் கேட்டாள்.

"உங்க விசாவுல என்ன வேலை போட்டிருக்கு?"

அத்தான் குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "லேபர்."

"அதுல என்னைக் கூப்புட முடியுமா?"

"மாத்திக்கலாம்னு ஏஜெண்ட் சொன்னான்."

"சாப்புடறப்ப என்ன விசாரணை?" என்றார் அண்ணன்.

அக்கா மாமியார் பக்கம் திரும்பினாள். "அத்தை, பீரோச் சாவியக் குடுங்க. என் பாஸ்போர்ட் வேணும்."

அண்ணன் சிரித்தார். "ரெண்டு வருஷமா வேல பாக்காத நர்ச எவன் எடுப்பான்? அனுபவம் விட்டுப்போனா விசா இல்ல, தெரியுமா?"

ஆக, அந்த விதியும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"தெரியும்," என்றாள் அக்கா. "அரியலூர்ல திரும்பச் சேந்து, மொதல்லேருந்து காட்டறேன்."

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. மாமியார் மூத்த மகனைப் பார்த்தார். பிறகு இளையவரைப் பார்த்தார். அத்தான் இலையிலிருந்து தலையைத் தூக்காமலே, "குடுத்துடும்மா," என்றார்.

மாமியார் இடுப்பிலிருந்த சாவியை உருவி, கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார். அக்கா குனிந்து எடுத்துக்கொண்டாள்.