கொட்டச் சொன்ன தண்ணீர்

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்தில் கமலா அக்காவின் மகன் போன் செய்தான். “ஆண்ட்டி, அம்மா ஹோகிபிட்ரு” என்றான். அம்மா போய்விட்டார் என்று சொல்லி அழக்கூட அந்தப் பிள்ளைக்குக் கன்னடம்தான் வரும். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்றை ஐந்து வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

குவெம்புநகர் வீட்டில் அக்காவைக் கிடத்தியிருந்த கூடத்திலேயே நம் அலுவலகத் தோழி ஒருத்தி என் காதருகே வந்து, “நல்ல மனுஷி. உன் வீட்டுக்காரர் விஷயத்துலதான் கொஞ்சம் அஜாக்கிரதையா இருந்துட்டாங்க” என்றாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கதையை உங்கள் எல்லோருக்கும் சொன்னவள் நான்தான். அதைத் திருத்தாமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

என் கணவருக்குச் சிறுநீரகம் கெட்ட வருஷம் அது. உப்பு கூடாது, தக்காளி கூடாது, இளநீர் கூடாது என்று ஆஸ்பத்திரியில் நீளமாக ஒரு பட்டியல் கொடுத்தார்கள். நான் சமைத்ததை அவர் தட்டில் ஒதுக்கி ஒதுக்கி வைத்தார். மூன்று மாதத்தில் சட்டை தோளில் நிற்கவில்லை. இந்த நோய்க்கென்றே ஒரு சமையல் புத்தகம் வாங்கலாம் என்று கிளம்பினேன். அலுவலகத்தில் என் பக்கத்து மேஜையிலிருந்து கமலா அக்கா தடுத்தார். “வீட்ல இருக்கற ஏழு புக்ல நீ ஏழு பக்கம்கூடத் திறந்திருக்க மாட்டே. எட்டாவது எதுக்கு ருக்கு? ஞாயித்துக்கிழமை நான் வர்றேன், இரு.”

சொன்னபடி வந்தார், கையில் ஒரு பென்சிலோடு. “சமையல் புக்கை முதல் பக்கத்துலேர்ந்து படிக்கறவங்க சமைக்கறதில்ல. வீட்ல என்ன காய் இருக்கோ, அதுலேர்ந்து படிக்கணும்” என்றார். என் கணவருக்கு ஆகும் காய்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று குறித்தார். பிறகு அந்தந்தப் பக்கத்தின் ஓரத்தில் எதைக் குறைப்பது, எதை விடுவது என்று எழுதினார். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. எழுதி முடித்ததை ஆஸ்பத்திரி உணவு ஆலோசகரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் என்னிடம் கொடுத்தார்.

அதில் ஒரு பக்கம் பஸ்ஸாரு. கீரையையும் பருப்பையும் வேகவைத்து வடித்து, அந்த நீரில் மசாலா அரைத்துவிட்டுக் குழம்பு வைப்போம். வடித்தெடுத்த கீரையையும் பருப்பையும் தாளித்தால் பல்யா, அதாவது பொரியல். ஓரத்தில் அக்கா எழுதியிருந்தது இது: “கீரை ஒரு பிடி. பல்யா மட்டும். வடித்த தண்ணீரைக் கொட்டிவிடு.” கடைசி வார்த்தையின் கீழே இரண்டு கோடுகள்.

படித்தேன். படிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் ஹனூர்க்காரி. பஸ்ஸாருத் தண்ணீரைக் கொட்டுகிறவளை எங்கள் பக்கம் சமைக்கத் தெரியாதவள் என்பார்கள். சத்தெல்லாம் அதில்தானே என்று நினைத்தேன். பட்டணத்துக்காரி, இவருக்கு என்ன தெரியும் என்றும் நினைத்தேன். கீரையும் ஒரு கட்டு முழுசாகப் போட்டுக் குழம்பு வைத்தேன். என் கணவர் கிண்ணத்தை இரண்டு தரம் நீட்டினார். “இன்னைக்குத்தான் புள்ள சோறு சோறாட்ட இருக்குது” என்றார். மறுநாளும் அதையே ஊற்றினேன்.

அன்று சாயங்காலம் அவரால் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. கால்கள் மரத்துக் கிடந்தன, நாடி மெல்ல மெல்ல இறங்கியது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டது, இதயம் நின்றுபோகலாம் என்றார் டாக்டர். என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். சொன்னேன். “கீரையில இருக்கற பொட்டாசியமெல்லாம் இறங்கின அந்தத் தண்ணியையா கொடுத்தீங்க?” என்றார்.

டாக்டர் உள்ளே போன பிறகு, சேதி கேட்டு கமலா அக்கா உங்களில் இருவரோடு ஓடி வந்தார். உங்கள் முகங்களைப் பார்த்ததும் எனக்குப் புத்தி கெட்டுப்போயிற்று. “உங்க குறிப்பைப் பாத்துத்தான் செஞ்சேன்! இப்ப அவுரு சாகக் கெடக்கறாரு!” என்று கத்தினேன். டாக்டரிடம் காட்டக் கொண்டுவந்திருந்த புத்தகம் என் மடியில் இருந்தது. அக்கா அதை எடுத்தார், அந்தப் பக்கத்தைத் திறந்தார், தன் எழுத்தைப் பார்த்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். புத்தகத்தை மூடி என் மடியிலேயே வைத்தார்.

“மொதல்ல அவர் எழுந்து உக்காரட்டும் ருக்கு. ஆமேலே என்னைத் திட்டு.”

அவர் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் பேசினார். நான் மட்டும் பேச வேண்டியதைப் பேசவில்லை. கதை அலுவலகம் முழுக்கப் பரவியது. அப்படியும் பிறகு உங்களில் சிலர் உங்கள் புத்தகங்களையும் குறித்துத் தரச் சொல்லிக் கேட்டீர்கள். “வேண்டாம்மா, அது பெரிய பொறுப்பு” என்று அக்கா சொல்லிவிட்டார். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பென்சிலை அவர் கையிலிருந்து பிடுங்கியவள் நான்தான்.

இன்று என்னிடம் இருப்பது ஏழு புத்தகங்கள் நிறைய அவருடைய எழுத்து. யார் வேண்டுமானாலும் வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். என் கணவர் இன்றைக்கும் அந்தக் குறிப்புகளின்படி சமைத்ததைத்தான் சாப்பிடுகிறார். அவர் பிழைத்திருப்பது கமலா அக்காவால். அன்று சாகக் கிடந்தது என்னால்.