கலந்துபோன தோட்டாக்கள்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் வேட்டைச் சாமான் கடையொன்றைத் துப்புரவு செய்பவர் மரியநாயகம். போர்க்காலத்தில் மன்னாரில் துப்பாக்கிச் சூடுபட்டவர், துவக்கென்றாலே நடுங்குவார். அன்று துடைப்பம் தட்டித் தோட்டாப் பெட்டிகள் இரண்டு கொட்டுண்டன. முகத்தைத் திருப்பிக்கொண்டே பொறுக்கினார். எல்லாவற்றிலும் தாராப் பறவை வேட்டைக்கான அதே சன்ன அளவு, அதாவது உள்ளிருக்கும் சிறு குண்டுகளின் அளவு, எழுதியிருந்ததால், கலந்து அடைத்துவிட்டார்.

ஒரு கிழவர் பெட்டியொன்றை வாங்கிப்போன பிறகுதான், கடையில் விற்பனை செய்யும் ஜசிந்தா மற்றதைத் திறந்தாள்.

"ஐயோ அண்ணை! சன்னம் ஒண்டுதான், தோட்டாப் பருமன் வேறயெல்லோ? சின்னது குழலுக்குள்ள சறுக்கி இறுகிடும். பின்னால பெரிசை வெடிச்சா அந்த மனிசன்ரை கை போயிடும்! கண்ணைத் திறந்து பொறுக்கியிருக்கேலாதோ?"

"மாதாவே!" என்று வெளியே ஓடிய மரியநாயகம், புறப்பட்ட காரின் குறுக்கே கைவிரித்து நின்றார். கிழவர் திட்டத் திட்ட, பெட்டியை வாங்கி, இம்முறை முகத்தைத் திருப்பாமல் ஒவ்வொரு தோட்டாவாகத் தடவிப் பருமன் பார்த்தார். சிறியவை எல்லாம் வெளியே வந்த பின்னரே காருக்கு வழிவிட்டார்.