அம்மா தெளித்த தண்ணீர்

போன வருஷம் ஆவணியில் என் இரண்டு கண்ணும் இருண்டுபோயின. அதே நாட்களில் என் அம்மா செபம் சொல்வதை நிறுத்திவிட்டார். இரண்டில் எது பெரிய இருட்டு என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பங்கு மக்களே, ஆண்டவர் எனக்குச் செய்ததை என்னால் உள்ளே வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. சொல்கிறேன்.

நான் தங்கச்சிமடத்துக்காரன். இன்ஜினியரிங் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். தேடிய நேரத்தைவிடப் பழைய பைக்குகளோடு கிடந்த நேரம்தான் அதிகம். காரங்காட்டில் ஒரு கோழிக்கூண்டு ஓரமாகச் சாய்ந்து கிடந்த டூ ஸ்ட்ரோக் வண்டியை நானும் நசீரும் மினி வேனில் ஏற்றி வந்தோம். நசீர் என் காலேஜ் கூட்டாளி, ஊர் ஏர்வாடி. உப்புக் காற்று அந்த வண்டியைத் தின்றிருந்தது. பெட்ரோல் டேங்குக்குள் ஆசிட் ஊற்றி, நாலைந்து நட்டைப் போட்டுக் குலுக்கிக் குலுக்கித் துருவை எடுத்தோம். மிச்ச ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி ஜன்னலில் வைத்தேன்.

எங்கள் வீட்டில் கோயில் தீர்த்தமும் அதே மாதிரி பாட்டிலில், அதே ஜன்னலில்தான் இருக்கும்.

புது வல்லம் கடலில் இறங்கும்போது அதன் முகப்பில் தீர்த்தம் தெளிப்பது எங்கள் வழக்கம். அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்து வண்டியை முதல்முறை உதைக்கப்போனேன். "இருய்யா, மொத ஓட்டம். சும்மா விடக் கூடாது" என்று அம்மா பாட்டிலோடு வந்து ஹேண்டில்பாரில் தெளித்தார்.

"பிளக்குல பட்டுறாம தெளிங்கம்மா. அப்புறம் மாதாவே வந்து தள்ளணும்" என்றான் நசீர்.

அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே என் முகத்திலும் வீசித் தெளித்தார்.

தீ. வேறு வார்த்தை இல்லை.

நசீர் என்னை இழுத்துப்போய்த் தலையைக் குழாய்க்கு அடியில் அமுக்கினான். நான் திமிறினேன். "ஏலே, கண்ணத் தெறடா! தெறந்து வையி!" விடவேயில்லை. அந்தப் பிடிதான் கண்ணைக் காப்பாற்றியது என்று பிறகு டாக்டர் சொன்னார். ஆண்டவர் அந்தக் கைகளை முன்கூட்டியே எங்கள் வாசலில் நிறுத்தியிருந்தார்.

மதுரைக்குப் போகும் வழியில், காரின் மேல் மோதிய காற்றை வைத்துத்தான் பாம்பன் பாலம் வந்தது தெரிந்தது. கருவிழி வெந்திருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். "பார்வை எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது தம்பி."

கண்ணைக் கட்டி வீட்டில் படுத்திருந்த பகல்கள் விநோதமானவை. வெயில் கன்னத்தில் நகர்வதை வைத்து நேரம் பார்ப்பேன். அலை கட்டிலுக்கு அடியில் வந்து போவது போல இருக்கும். கண் அசந்தால் கடல் மேலேயே வண்டி ஓட்டுவேன். தண்ணீர் பச்சையாக இறுகி ரோடாகக் கிடக்கும், கரையே வராது. நசீர் வந்து கார்புரேட்டரைக் கையில் திணிப்பான். "கண்ணுக்குத்தான மாப்ள லீவு, கைக்கு என்ன கேடு? கழட்டு." போகும்போது, "துவா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பான்.

ஆனால் பொழுது சாய்ந்தால் வீட்டில் செபமாலை சத்தம் இல்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஏம்மா சொல்றதில்ல?"

"எந்தக் கையால புடிக்கச் சொல்ற?"

சொட்டு மருந்தைத் தங்கச்சிதான் விட்டாள். அம்மா என்னைத் தொடுவதேயில்லை.

அதுவரை பார்வை கேட்டுத்தான் செபித்தேன். அன்று மாற்றிக் கேட்டேன். ஆண்டவரே, என் கண்ணு பைய வரட்டும். எங்கம்மா உம்மகிட்ட பேசணும். மொத அதச் செய்யும்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம். டவுனுக்குப் போன தங்கச்சி பஸ் கிடைக்காமல் மாட்டிக்கொண்டாள். மருந்து நேரம் தாண்டிவிட்டது.

"அம்மா, நீதான் விடணும்."

"என்னால ஏலாதுய்யா."

"எரியுதும்மா."

காலடி வந்தது. விரல்கள் பஞ்சை விலக்கின. சின்ன வயதில் என்னைத் தூங்கவைக்கும்போது செய்வது போல, பெருவிரல் தானாக என் நெற்றியில் சிலுவை போட்டது. கூடவே "சேசுவே" என்று ஒரு சத்தம். அம்மா சொன்னது அம்மாவுக்கே தெரியாது. அப்புறம் அழுகை. அழுகைக்கு உள்ளேயே செபம். மருந்து எது, அவர் கண்ணீர் எது என்று பிரிக்க முடியாமல் என் முகம் நனைந்தது. இருட்டுக்குள் இருந்தபடியே எனக்கு விடிந்துவிட்டது.

பார்வை அதற்குப் பிறகு வந்தது. முதலில் வெளிச்சம், தண்ணீருக்குள் முங்கிக் கிடந்து மேலே பார்க்கிற மாதிரி. பிறகு டேங்கின் சிவப்பு. பிறகு அம்மா. மெலிந்திருந்தார். இடது கண்ணில் கொஞ்சம் மங்கல் நின்றுவிட்டது. அதற்கும் ஸ்தோத்திரம்.

முன்பெல்லாம் செபநேரத்தில் நான் கொட்டகையில் ஸ்பேனரோடு இருப்பேன். இப்போது முழங்காலில் இருக்கிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது ஆண்டவரோடு பேச்சை நிறுத்தியிருந்தால், உங்கள் தேவையைக் கொஞ்சம் தள்ளிவைத்து அவர்களுக்காகக் கேட்டுப் பாருங்கள். அவர் கேட்பார்.

அம்மாவுக்கு இப்போது வேண்டுதல் முடிவதேயில்லை. எனக்கு, நசீருக்கு, அவன் வீட்டாருக்கு, கடலில் நிற்கிற ஒவ்வொரு வல்லத்துக்கும்.

"சோறு ஆறுதும்மா."

"ஆறட்டும்யா. எத்தன நாள் பேச்சு பாக்கி இருக்கு."