அம்பாரோவின் பச்சை அங்கி

சிலோயே மலைச்சரிவுக் குடியிருப்பில் பாதிப் பேர் கண்விழிப்பது அம்பாரோவின் குரலைக் கேட்டுத்தான். சுடச்சுடச் சீஸ் ரொட்டி விற்கும் குரல். மூன்று தெரு தாண்டியும் கேட்கும். ரகசியம் என்பதே அறியாத அந்தக் குரலுக்குள் அன்று ஒரு நாள் மட்டும் ஒரே ஒரு ரகசியத்தை, நெஞ்சு வெடித்துவிடும் போல, அவள் அடைத்து வைத்திருந்தாள்.

மகள் யாமிலெத்துக்குப் போர் விமானம் ஓட்ட ஆசை. ஆனால் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே வரும் பேருந்தின் எண்கூடத் தெரியாது. போன வருடம் லேசர் சிகிச்சை செய்துகொண்டாள். அப்போது அம்பாரோ, கண்களைக் காக்கும் புனித லூசியாவிடம் வேண்டிக்கொண்டாள்: பார்வை தெளிந்தால் ஒரு வருடம் பச்சை அங்கி உடுத்துவேன், தகரத்தில் வெட்டிய கண் உருவங்களைக் கோத்துக் கழுத்தில் போடுவேன், கேட்டவர்களுக்கெல்லாம் உன் அருளைச் சொல்வேன்.

விமானப்படையின் கண் பரிசோதனைக்கும் அந்தக் கோலத்தில்தான் வந்திருந்தாள்.

"ஆபரேஷன் பத்திக் கேட்டா, இல்லவே இல்லைன்னு சொல்லிடு கண்ணு. தெரிஞ்சா சேத்துக்க மாட்டாங்க. பொறந்ததுலேருந்தே பருந்துப் பார்வைன்னு அடிச்சு விடு."

"பொய் சொல்லச் சொல்றியேம்மா!"

"புனிதைகிட்ட நான் பேசிக்கறேன். நீ உள்ள போ."

கதவு சாத்திக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், பரிசோதனைக்கு வந்த ஒரு பையனின் தாய், மெல்லச் சாய்ந்தாள். "ஏன்க்கா, கழுத்துல என்ன அது? என்னையே முறைக்குது!"

அம்பாரோ உதட்டைக் கடித்தாள். கேட்டுவிட்டாளே! சொல்லாமல் இருந்தால், கொடுத்த பார்வையைப் புனிதை பிடுங்கிக்கொண்டால்?

"என் பொண்ணுக்குக் கண்ணு ஆபரேஷன்! லூசியாம்மா புதுப் பார்வை குடுத்தா!"

தாழ்வாரம் அதிர்ந்தது. கதவு திறந்தது. வாசலில் கண் மருத்துவர். அம்பாரோ தடாலென்று முழங்காலில் விழுந்து அழுதாள். "டாக்டரம்மா! என் நாக்கை அறுத்துப் போடுங்க, எம்மகளை மட்டும் விட்டுடுங்க!"

"மொதல்ல எழுந்திரிங்க. நீங்க கத்தறதுக்கு முன்னாடியே அவளே சொல்லிட்டா. இந்த வகை லேசருக்கு இங்க தடையில்லை, ஆற வேண்டிய மாசமும் ஆயிடுச்சு. மறைச்சிருந்தாத்தான் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

"அப்போ பாஸா?"

"எங்க பாஸ்? இன்னும் எழுத்தே படிக்கலை. நீங்க அழறதைக் கேட்டு உள்ள அவளும் அழறா. கண்ணு நெறையத் தண்ணிய வச்சுக்கிட்டு எதைப் படிப்பா? கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருங்க."

வாழ்க்கையிலேயே முதல்முறையாக அம்பாரோ இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தகரக் கண்கள்கூட அசையவில்லை.

உள்ளேயிருந்து மகளின் குரல் கிளம்பியது. ஒவ்வோர் எழுத்தும் சுவரில் மோதித் தாழ்வாரத்துக்கு வந்தது. அப்படியே தாயின் குரல்! கடைசி வரி முடிந்ததும் மருத்துவரின் குரல் கெஞ்சியது:

"போதும்மா தாயே! ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது!"