கத்திரிக்காயில் இருந்த எர்ட்நுஸ்

ஞாயிறு காலை பத்து மணிக்கு வேலூரிலிருந்து ஆம்பூருக்கு பஸ் ஏறினோம். ஐம்பது கிலோமீட்டர்தான், பள்ளிகொண்டா, மாதனூர் தாண்டினால் ஊர் வந்துவிடும். நானும் தோழி ஷபானாவும் வேலூரில் நர்ஸ்கள். ஜெர்மனியில் வேலைக்குப் போக அந்த நாட்டு மொழியைப் படித்துவருகிறோம். ஷபானாவின் அப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். சரக்கின் தரம் பார்க்க ஜெர்மனியிலிருந்து வந்திருந்த கார்லா என்ற பெண்மணியை அன்று வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தார். படித்ததைப் பேசிப் பார்க்கலாம் என்று எங்களுக்கு ஆசை.

பஸ்ஸில் சாப்பாட்டுப் பாடத்தைச் சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனோம். 'இஷ் பின் அலெர்கிஷ் கேகன் எர்ட்நுஸ்ஸெ.' எனக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்று அர்த்தம். கண்டக்டர் நின்றுவிட்டார்.

"இன்னாம்மா, எந்த ஊரு பாஷை இது?"

"ஜெர்மன்ணா. வேர்க்கடலை ஆவாதுன்னு சொல்றோம்."

"வேர்க்கடலை கூடவா ஒருத்தருக்கு ஆவாது?" என்று சிரித்தபடி நகர்ந்தார். நாங்களும் சிரித்தோம்.

மாதனூர் அருகே டயர் பஞ்சர். வெயிலில் நின்று, வேறு பஸ் பிடித்து, வீடு போய்ச் சேர்ந்தபோது சாப்பாடு தொடங்கியிருந்தது. சீரகச் சம்பா பிரியாணி, தயிர் வெங்காயம், எண்ணெயில் மினுங்கும் கத்திரிக்காய். நான் வணக்கம் சொல்ல வாயெடுத்தேன். கார்லாவின் கையிலிருந்து ஸ்பூன் விழுந்தது.

உதடு தடித்திருந்தது. கழுத்தெல்லாம் சிவந்த திட்டுகள். மூச்சில் விசில் போல் ஒரு சத்தம். அதுவரை இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தவர், கத்திரிக்காயைக் காட்டி ஜெர்மனில் ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: "எர்ட்நுஸ்?"

நான் சமையலறைப் பக்கம் திரும்பினேன். "ஆன்ட்டி, இதுல வேர்க்கடலை போட்டீங்களா?"

ஷபானாவின் அம்மா பர்வீன் கரண்டியோடு ஓடிவந்தார். "எள்ளும் வேர்க்கடலையும் வறுத்து அரைச்சு ஊத்தினேன். நட்ஸ் கூடாதுன்னு அவங்க மொதல்லயே சொன்னாங்கம்மா. அதான் முந்திரி, பாதாம் எதையும் கிட்டகூட சேக்கல. இது கடலைதானே?"

கார்லா தொண்டையைப் பிடித்தபடி முனகினார். "ஷ்ப்ரிட்ஸெ... டாஷெ..." ஊசி. பை. ஷபானா சோபாவிலிருந்த கைப்பையைக் கவிழ்த்தாள். லிப்ஸ்டிக், சாவி இவற்றுக்கு நடுவில் அலர்ஜி உள்ளவர்கள் அவசரத்துக்குக் கூடவே வைத்திருக்கும் பேனா போன்ற ஊசி உருண்டது. கார்லாவைத் தரையில் படுக்கவைத்து, பேன்ட்டின் மேலேயே தொடையில் குத்தி அழுத்திப் பிடித்தேன். ஷபானாவின் அப்பா காரை எடுத்தார். ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் அந்த விசில் சத்தம் குறைந்துவிட்டது.

சாயங்காலம் கண் திறந்த கார்லா, "ரெட்செப்ட்" என்றார். டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் தலையசைத்து மறுத்து, கதவோரம் அழுதுகொண்டு நின்ற பர்வீன் ஆன்ட்டியைக் காட்டினார். மருந்துச் சீட்டுக்கும் சமையல் குறிப்புக்கும் அவர்கள் மொழியில் ஒரே சொல். அவர் கேட்டது கத்திரிக்காய்ப் பக்குவம், வேர்க்கடலை இல்லாமல்!

"இன்னும் என் கைப்பக்குவமா கேக்கறாங்க?" என்று பர்வீன் ஆன்ட்டி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் விருந்தாளி யாராவது 'இதில் என்ன போட்டீர்கள்?' என்று துருவினால் அம்மாவின் முகம் வாடிவிடும். நம்பிக்கை இல்லாதவர் கேட்கும் கேள்வி அது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

திரும்பும்போது பஸ் நிலையம் வரை பர்வீன் ஆன்ட்டி வந்தார். ஜன்னல் வழியாக ஒரு பிரியாணி டப்பாவை என்னிடம் கொடுத்தார். நான் எதுவும் கேட்கவில்லை. "அரிசி, கறி, தயிர், இஞ்சி, பூண்டு, காஞ்ச மொளகா..." என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். பஸ் நகர்ந்தது. அவர் விடாமல் கூடவே நடந்து வந்தார், ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு.